மரவாடித் தெருவில் மண்ணுக்கடியில் எரியும் தைலமரத் தூர்

அனுப்புநர்
இடலினா காபெலா (வயது 59),
க/பெ. அபிலியு காபெலா,
கதவு எண் 14, மரவாடித் தெரு,
வாலெஸ்குரு, போர்ச்சுகல்.

பெறுநர்
உயர்திரு நகராட்சித் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
வாலெஸ்குரு.

பொருள்: பக்கத்து மனையில் எரித்து அகற்றப்பட்ட தைலமரத் தூரின் நெருப்பு அணையாமல், மண்ணுக்கடியில் எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருப்பது – கோடை தொடங்கும் முன் மண்ணைத் திறந்து அணைத்துத் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட முகவரியில் நான் திருமணமாகி வந்த நாளிலிருந்து குடியிருக்கிறேன். தங்கள் நிர்வாகத்தில் உள்ள தொடக்கப்பள்ளியில் மதிய உணவு சமைக்கும் வேலை பார்க்கிறேன். என் கணவர் கருங்கல் குவாரியில் உழைத்தவர். கல்தூசி படிந்து நுரையீரல் கெட்டுவிட்டதால் மாடியறையில் ஆக்சிஜன் சிலிண்டரின் துணையோடு இருக்கிறார். படி இறங்க வேண்டுமானால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இதற்கு முன் நான் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. முறை தவறியிருந்தால் பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் திரு. ஒராசியு சரைவா மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. தங்கள் அலுவலகத்துக்கு நான் வந்தபோதெல்லாம் "யார் மேல புகார்?" என்றே கேட்டார்கள். ஆகவே இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடந்ததை வரிசையாகக் கீழே தருகிறேன். ஒவ்வொருவரும் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதியிருக்கிறேன். நானாக மாற்றி எழுதினால் பிறகு அதுவே ஒரு விசாரணையாகிவிடும்.

1. திரு. ஒராசியு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தனியாக வசிக்கிறார். எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே உள்ள கல்மதிலை ஒட்டி அவருடைய பக்கத்தில் ஒரு பெரிய தைலமரம் நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் மலைச்சரிவு முழுவதும் எரிந்த அக்டோபர் மாதத்தில் அந்த மரத்தின் உச்சிவரை தீப்பொறி வந்தது. அன்று நாங்கள் ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு கூரையின் மேல் தண்ணீர் ஊற்றினோம். அதற்குப் பிறகு வீடுகளுக்கு அருகில் உள்ள மரங்களை வெட்ட வேண்டுமென்று காவலர்கள் வீடுவீடாக வந்து சொன்னார்கள். திரு. ஒராசியு உடனே வெட்டினார். மரம் காகித ஆலை லாரியில் ஏறிப் போய்விட்டது. தூர் மட்டும் மண்ணில் நின்றுவிட்டது. அதன் மேல் ஒரு சாப்பாட்டு மேசையைப் போடலாம், அவ்வளவு பெரியது.

2. தைலமரத்தின் குணம் தாங்கள் அறியாததல்ல. வெட்டிய இடத்திலிருந்து அடுத்த வசந்தத்திலேயே ஆள் உயரத்துக்குத் தளிர்த்தது. வெட்ட வெட்ட மறுபடியும் வந்தது. காவலர்கள் மீண்டும் வந்து, தூரை எடுக்காவிட்டால் அபராதம் என்றார்கள். தூரை அரைத்துத் தூளாக்கும் இயந்திரம் நகரத்திலிருந்து வர வேண்டும். இயந்திரக்காரர்கள் கேட்ட தொகை மரத்தை விற்று வந்த பணத்தைவிட அதிகம். கோடரியால் பிளந்து பார்த்தார், ஆப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. துளை போட்டு உப்பு கொட்டினார். செப்பு ஆணி அடித்தார். காப்பிக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அங்கே ஒருவர், "எரிச்சுடுப்பா. பீப்பாயை மேல கவுத்து, கரியைக் கொட்டிப் பத்த வச்சா, செலவில்லாம அதுவே அதத் தின்னுடும்" என்று சொன்னார். அப்படிப் பலர் செய்திருக்கிறார்கள். அதில் தவறு எதுவும் நடந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

3. சென்ற பிப்ரவரியில் முறைப்படி தொலைபேசியில் பதிவு செய்து, அனுமதி எண் வாங்கி, மழை ஈரம் இருந்த நாளில் அவர் எரித்தார். அடியில்லாத இரும்புப் பீப்பாயைத் தூரின் மேல் நிறுத்திக் கரி போட்டார். தண்ணீர்க் குழாயைக் கையிலேயே வைத்திருந்தார். எங்கள் வீட்டிலிருந்து கஷ்கொட்டை கொடுத்தேன், அந்தக் கரியிலேயே சுட்டு மாடிக்கு அனுப்பினார். என் கணவர் ஜன்னல் வழியாக, "ஒராசியு, பஸ்ஸ ஓட்டுற மாதிரியே நெருப்பையும் ஓட்டுறியேப்பா, எப்ப போய்ச் சேரும்?" என்று கிண்டல் செய்தார். பல நாள் கனன்றது. பிறகு பெருமழை வந்தது. புகை நின்றது. குழியில் மண்ணை நிரப்பிக் கோசுக்கீரை நட்டார். ஒரு சுமை இறங்கியது என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

4. ஐயா, இனிமேல் எழுதுவதைத் தயவுசெய்து பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். இவை சிறிய விஷயங்கள். தனித்தனியாகச் சொன்னால் சிரிப்பார்கள், என் கணவரும் சிரித்தார்.

ஏப்ரல் மாதத்துக் குளிரில் எங்கள் பூனை அடுப்படியை விட்டுவிட்டு, மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரே இடத்தில் போய்ப் படுக்கத் தொடங்கியது. கோழிகளும் அங்கேயே மண்ணைக் கிளறிக் குந்தின. ஒருநாள் காலையில் தோட்டம் முழுவதும் பனித்துளியால் வெளுத்திருக்க, மதிலின் அடியிலிருந்து எங்கள் பக்கமாக ஒரு முழ அகலத்துக்கு மட்டும் புல் காய்ந்து கிடந்தது. யாரோ பாய் விரித்து எடுத்ததுபோல் இருந்தது. குனிந்து கையை வைத்தேன். சூப்புப் பானையின் மூடியைத் தொட்டதுபோல் மண் சுட்டது என்று எழுத முடிந்தால் எழுதுவேன். அவ்வளவு சூடில்லை. ஆள் எழுந்துபோன படுக்கையைத் தொட்டால் இருக்குமே, அந்த வெதுவெதுப்பு. அது என்னை அதிகம் பயமுறுத்தியது.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். என் கணவர், "ஏன்டி, மண்ணுக்கு ஜுரம்னு சொல்றியா? தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தியா?" என்றார். அவர் எதையும் சிரித்தே கடப்பவர். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். அவரைக் கலங்க வைக்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த வாரம் அந்தக் காய்ந்த கோடு நீண்டிருந்தது. அதன் முனையில் அவரைக் கொடிக்கு வைத்திருந்த கழி ஒன்றை ஊன்றினேன். கழியைத் தாண்டியது. இன்னொரு கழி ஊன்றினேன். திரு. ஒராசியுவின் கோசுக்கீரை தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடியது. மே மாதம் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது, கழிகளுக்கு நடுவே மண்ணில் ஒரு விரல் அளவு துளையிலிருந்து மெலிதாகப் புகை வந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. நூல்போல நேராக நின்றது. கோடு போகும் திசையில் எங்கள் சமையலறைச் சுவர் இருக்கிறது. சுவருக்கு வெளியே எரிவாயு உருளை இருக்கிறது. அந்தச் சமையலறைக்கு நேர் மேலே என் கணவர் படுத்திருக்கிறார்.

5. தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசி செய்தேன். குழுத் தலைவர் திரு. ஜில்பெர்த்து தன் ஆட்களோடு உடனே வந்தார். துளையில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மண்ணுக்குள் சீறும் சத்தம் கேட்டது. ஆவி பல இடங்களில் கிளம்பியது. நான் கழி ஊன்றாத இடங்களிலும் கிளம்பியது. போய்விட்டார்கள். சில நாளில் புகை திரும்ப வந்தது, அவர்களும் திரும்ப வந்தார்கள். மூன்றாவது முறை திரு. ஜில்பெர்த்து தலைக்கவசத்தைக் கழற்றி என் எதிரே நின்று சொன்னார்: "அம்மா, மேல எரிஞ்சா எங்களுக்கு அணைக்கத் தெரியும். இது அடியில ஓடுது. தண்ணி ஒரு வழியா இறங்குது, நெருப்பு இன்னொரு வழியா போகுது. மண்ணைத் தோண்டிப் போட்டாத்தான் ஆகும். என்கிட்ட இருக்கிறது தண்ணி வண்டிதான்." பொக்லைன் இயந்திரம் வேண்டுமென்று தங்கள் அலுவலகத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். எழுதினார் என்றே அறிகிறேன்.

6. மறுநாள் பள்ளியில் விடுப்பு சொல்லிவிட்டு நானே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பொறியியல் பிரிவில் இருந்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை.

"தீ தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியல. புகை வருது."

"எப்பவுமா?"

"எப்பவாவது. காலையில அதிகம்."

"அப்ப இதத் தீவிபத்துன்னு பதிவு பண்ண முடியாதே. அதோட இது தனியார் மனை. நகராட்சி பொக்லைன் தனியார் மனையில இறங்காது. நீங்க வாடகைக்கு எடுத்துத் தோண்டிக்கலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

வாடகைக்கு இயந்திரம் வைத்திருப்பவர் ஒருவரை அழைத்துவந்தோம். செலவைத் திரு. ஒராசியு ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார், தன் பழைய காரை விற்கவும் ஏற்பாடு செய்திருந்தார். வந்தவர் தோட்டத்தில் நடந்து பார்த்தார். குதிகாலால் மண்ணைத் தட்டினார். பின்வாங்கினார். "அக்கா, சத்தம் கேட்டீங்களா? உள்ள பொக்கையா இருக்கு. என் மெஷின் உள்ள இறங்கிட்டா யாரு பொறுப்பு? நகராட்சி எழுதிக் கொடுக்கட்டும், நாளைக்கே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுதிக் கொடுக்க விதியில்லை என்றார்கள்.

7. ஆகவே நாங்களே தோண்டினோம். இது முட்டாள்தனம் என்று தாங்கள் சொல்லக்கூடும். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்றும் தாங்களே சொல்ல வேண்டும்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில், எங்கள் சமையலறைச் சுவருக்கும் காய்ந்த கோட்டின் முனைக்கும் நடுவே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினால் நெருப்பு தாண்டாது என்று எண்ணி, திரு. ஒராசியு கடப்பாரையும் நான் மண்வெட்டியுமாக நின்றோம். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, மண்ணின் நிறம் மாறியது. திரு. ஒராசியு என்னைத் தடுத்தார். "அக்கா, நீங்க தள்ளி நில்லுங்க. இது நான் பத்த வச்ச நெருப்பு."

"ரெண்டு பேருமா தோண்டினா சீக்கிரம் முடியும்" என்றேன்.

"சொன்னா கேளுங்க. அண்ணனுக்கு நீங்க வேணும். என்ன யாரு தேடப் போறா?"

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். ஐயா, நிலம் சத்தமே இல்லாமல் திறந்தது. அவருடைய இடது கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. ஜுவாலை இல்லை. உள்ளே சிவப்பாக, கரியடுப்பின் அடியில் இருப்பதுபோல் இருந்தது. அவர் கத்தவில்லை. நான் அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ரப்பர் காலணி உருகிக் காலோடு ஒட்டியிருந்தது. கோழிக்கு வைத்திருந்த தண்ணீர்தான் பக்கத்தில் இருந்தது, அதை ஊற்றினேன். தரையில் கிடந்தபடி அவர் முதலில் பேசியது இதுதான்: "மாடி ஜன்னல மூடுங்கக்கா. புகை அண்ணன் பக்கம் போகுது."

அவர் இப்போது மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறார். தொடையிலிருந்து தோலெடுத்துக் காலில் ஒட்டியிருக்கிறார்கள். நடப்பார் என்கிறார்கள்.

8. அந்தக் குழிக்குள் என்ன இருந்தது என்பதுதான் இந்த மனுவின் முக்கியமான பகுதி. மேலே ஒரு சாண் மண். அதற்குக் கீழே மண்ணே இல்லை. கரும்பழுப்பாக, கையில் எடுத்தால் உதிர்கிற மரத்தூள். கைநீளத்துக்கும் கீழே அதுவே போகிறது. திரு. ஜில்பெர்த்து அதை அள்ளிப் பார்த்துவிட்டு, "இது வேர் வழியா மட்டும் போகலம்மா. நீங்க நிக்கிறதே மரத்தூள் மேலதான்" என்றார்.

எங்கள் தெருவுக்கு ஏன் மரவாடித் தெரு என்று பெயர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இங்கே இருந்த மரம் அறுக்கும் மில் மூடப்பட்ட பின் அதன் மைதானத்தைச் சமன்படுத்தி, மனைகளாகப் பிரித்து, எங்களுக்கு விற்றது நகராட்சி. எதை நிரப்பிச் சமன்படுத்தினார்கள் என்று அப்போது வாங்கிய எவரும் கேட்கவில்லை. வீடு கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தோம். தைலமரத்தின் தூரைத் திரு. ஒராசியு எரித்தார், உண்மை. ஆனால் அந்த நெருப்பு தின்றுகொண்டிருப்பது அவர் வைத்ததை அல்ல. தெரு முழுவதும் அடியில் அதுதான் இருக்கிறதென்றால் எந்த வீட்டின் கீழே அது இப்போது இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரு முடியும் இடத்தில் பைன் காடு தொடங்குகிறது. ஆகஸ்ட் காற்றில் அங்கே ஒரு துளை திறந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

9. எங்கள் இப்போதைய நிலையையும் சொல்லியாக வேண்டும். சமையலறையின் தரை ஓடு ஒன்றில் வெறுங்காலை வைத்தால் மற்ற ஓடுகளைவிடச் சூடாக இருக்கிறது. என் மனப்பிரமையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டேன். எரிவாயு உருளையைக் கழற்றித் தெருவோரம் வைத்துவிட்டேன். சூப்பு வைப்பதற்கும் எதிர் வீட்டு அடுப்புக்குப் போகிறேன். ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவரும் இளைஞர் சென்ற செவ்வாயன்று தோட்டத்துப் புகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா, இத உள்ள வைக்க எனக்கு அனுமதி இல்ல" என்றார். அவர் செய்தது சரிதான். நான் அவரைத் திட்டினேன், பிறகு அழுதேன். தெருவில் நின்று அழும் வழக்கம் எனக்கில்லை. இறுதியில் அவர் ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் தன் பொறுப்பில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இதனால் அவருக்குத் தொல்லை எதுவும் வரக்கூடாது என்பதால் அவர் பெயரையும் எழுதவில்லை.

என் கணவரை வேறு ஊரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். முதலில், "நான் போயிட்டா வீட்டுக்கு யாரு துணை?" என்று வழக்கம்போலச் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "படியில பாதி தூரத்துல எனக்கு மூச்சு நின்னா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டார். இரவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து,

நகராட்சியின் பொக்லைன் இயந்திரத்தையும் தீயணைப்புக் குழுவையும் ஒரே நாளில், ஒன்றாக அனுப்பி, மதிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே மண்ணைத் திறந்து நெருப்பை அணைத்துத் தருமாறு வேண்டுகிறேன். எங்கள் தோட்டம், மதில், கோழிக்கூடு எது இடிந்தாலும் நாங்கள் நஷ்டஈடு கேட்க மாட்டோம். இதையே ஒப்புதலாகக் கொள்ளலாம்.

மரவாடித் தெருவின் மற்ற மனைகளின் அடியிலும் என்ன இருக்கிறது என்று துளையிட்டுச் சோதிக்க வேண்டும். சோதித்து முடியும்வரை எங்கள் தெருவில் யாரும் எதையும் எரிக்க அனுமதி எண் கொடுக்கக் கூடாது.

என் கணவரை மருத்துவ உதவியாளர்களோடு பாதுகாப்பாகக் கீழே இறக்கி, வேலை முடியும்வரை தரைத்தளத்தில் ஓர் அறை தந்து உதவ வேண்டும். பள்ளிச் சமையலறையை ஒட்டிய பொருளறை கோடை விடுமுறையில் காலியாகத்தான் இருக்கும்.

இந்த நெருப்புக்காகத் திரு. ஒராசியு மீது காவலர்கள் எழுதிவைத்திருக்கும் வழக்கைக் கைவிடப் பரிந்துரைக்க வேண்டும். விதிப்படி எல்லாம் செய்த மனிதர் அவர். செலவு குறைவான வழி என்று ஊரே சொன்னதைத்தான் செய்தார்.

மண்ணைத் திறந்து பார்த்து, அங்கே பயப்பட ஒன்றுமில்லை, தானாக அணைந்துவிட்டது என்று தெரியவந்தால், தங்கள் ஊழியர்களின் நேரத்தை வீணாக்கியதற்காக ஞாயிறு பூசைக்குப் பின் கோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். பயந்தாங்கொள்ளி இடலினா என்று ஊர் என்னைக் கூப்பிடட்டும். அந்தப் பெயரோடு சாகும்வரை மகிழ்ச்சியாக இருப்பேன். அது பொய்யான பயமாக இருக்க வேண்டும் என்பதைவிட இன்று நான் விரும்புவது வேறொன்றுமில்லை.

இம்மனுவைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவருகிறேன். தாங்கள் படித்துவிட்டீர்கள் என்று தெரியும்வரை அலுவலக வராந்தாவில் அமர்ந்திருப்பேன். யாருக்கும் இடைஞ்சல் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உதவியை நம்பியிருக்கும்,

(ஒப்பம்)
இடலினா காபெலா

இடம்: வாலெஸ்குரு
நாள்: ஜூன் 3

உடன் ஒப்பமிடுபவர்:
ஒராசியு சரைவா, கதவு எண் 12, மரவாடித் தெரு. தற்போது மாவட்ட மருத்துவமனை, தீக்காயப் பிரிவு.
(எனக்கு எதிராக மனு எழுதுங்கள், அப்போதுதான் கவனிப்பார்கள் என்று நான் இடலினா அக்காவிடம் சொன்னேன். அக்கா மறுத்துவிட்டார். ஆகவே சேர்ந்து கையெழுத்திடுகிறேன்.)

மனுதாரரின் கணவர் தன் கைப்பட எழுதியது:

ஐயா, மேலே உள்ளது அனைத்தும் உண்மை. இவள் குவாரி வெடிக்குப் பயந்தவளில்லை, காட்டுத்தீக்குப் பயந்தவளில்லை, மருத்துவர் என் எக்ஸ்ரேயைக் காட்டியபோதும் பயந்தவளில்லை. இப்போது பயப்படுகிறாள். நான் சிரித்துச் சிரித்து இவ்வளவு நாளை வீணாக்கிவிட்டேன். தாங்களும் வீணாக்காதீர்கள். உடனே வாருங்கள்.

அபிலியு காபெலா